ஸ்டார்ட் பட்டனை ஏன் நகர்த்தினார்கள்?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 54. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் 23 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். டைப்ரைட்டிங் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் முடித்தவள். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் மவுஸைத் தொடாமலே வேலை பார்ப்பேன். 2020-இல் டேலி பிரைம் வந்தபோதுகூட இரண்டே நாளில் பழகிவிட்டேன்.

போன தீபாவளி லீவு முடிந்து வந்தால் என் மேசையில் வேறு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று எல்லாவற்றையும் விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டார்களாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது. நாலு எக்செல் திறந்தால் எது எந்த பார்ட்டியுடையது என்று தெரியவில்லை. ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது. பிரின்ட் கொடுத்தால் ஒரு நாள் லேசரில் வருகிறது, ஒரு நாள் டாட் மேட்ரிக்ஸில் வருகிறது. பக்கத்து சீட் பையன், "என்னக்கா, இதுகூடவா தெரியல?" என்று சிரிக்கிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இது என் வயதுக் கோளாறா? பழைய மாதிரியே வைக்க வழி உண்டா? நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்றுகிறார்கள்? முதலாளியின் மருமகன் விண்டோஸே வேண்டாம், எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். அது சரிவருமா? வீட்டில் 2016-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

— ஒரு வாசகி, கரூர்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

வயதுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதிலை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை போலிருக்கிறது. டேலி ஈஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்தபோது உங்களுக்கு 49 வயது. அப்போதும் திரையின் தோற்றம் மொத்தமாக மாறியது. மேலே புதிதாக ஒரு மெனு வரிசை, 'கோ டு' என்று ஒரு பெட்டி, வேறு நிறம். இரண்டு நாளில் பழகிவிட்டீர்கள். ஐந்து வருடத்தில் யாருக்கும் மூளை அவ்வளவு தேய்ந்துவிடாது.

அன்று எது மாறவில்லை என்று யோசித்துப் பாருங்கள். கான்ட்ராவுக்கு எஃப்4, பேமென்ட்டுக்கு எஃப்5, ரெசீட்டுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9. பழைய டேலியில் விரல் போன இடத்துக்கேதான் புதியதிலும் போனது. கன்ட்ரோல் ஏ அடித்தால் வவுச்சர் ஏறியது. சிலதுதான் இடம் மாறின. கிரெடிட் நோட்டுக்கு கன்ட்ரோல் எஃப்8 இருந்தது, அது ஆல்ட் எஃப்6 ஆனது. அதற்காக நீங்களும் ஒரு வாரம் திட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரிந்த எல்லா அக்கவுன்டன்ட்டும் திட்டினார்கள். ஆனால் அது சுவருக்கு வேறு பெயின்ட் அடித்த கதை. வாசல் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது உங்கள் மேசையில் வாசலையே நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் சிரிப்பதைப் பற்றி: டைப்ரைட்டிங் பரீட்சை ஹாலில் யாரோ ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக எல்லா மெஷினிலும் எழுத்துகளை இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பவனுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. நேற்றும் தேடினான், இன்றும் தேடுவான். ஹையர் முடித்தவருக்குத்தான் கை ஓடாது. பயிற்சி இருப்பவருக்குத்தான் இழப்பதற்கு ஏதாவது இருக்கும். பையனுக்குக் கற்றுக்கொள்கிற வேலை மட்டும்தான். உங்களுக்கோ 23 வருடம் பழகியதை மறக்கிற வேலையும் சேர்ந்திருக்கிறது. பழைய பழக்கம் சும்மா இருக்காது, ஒவ்வொரு முறையும் புதியதற்குக் குறுக்கே வந்து நிற்கும். அந்தப் பையனிடம் 15 வருடம் கழித்து வேறு எதையாவது மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

இதில் ஸ்டார்ட் பட்டன் முன்பு இருந்த மூலை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் எரிச்சலுக்கு அறிவியல் காரணமே இருக்கிறது. பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் ஒரு விதி சொன்னார். கை ஓர் இலக்கைப் போய்த் தொட ஆகும் நேரம், தூரம் கூடினால் கூடும், இலக்கு பெரிதானால் குறையும். கேட்டால் இது யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் திரைக்கு வரும்போது இதில் ஒரு வேடிக்கை உண்டு. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டிப் போகாது. அதனால் மூலையில் இருக்கும் பட்டன் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் கையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய இலக்கு கிடையாது. பார்க்கவே வேண்டாம், இடது கீழ்ப்பக்கமாக ஒரு தள்ளு, அங்கே போய் நிற்கும். இருபது வருடம் உங்கள் கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

விண்டோஸ் 11 அந்தப் பட்டனை அடிவரிசையின் நடுவே கொண்டுபோய் வைத்தது. நடுவில் வைத்ததோடு விட்டிருந்தால்கூட கை ஒரு மாதத்தில் பழகியிருக்கும். வரிசை எப்போதும் நடுவில் நிற்க வேண்டும் என்பதால் ஐகான்கள் கூடக் கூட ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். காலையில் ஓரிடம், நாலு புரோகிராம் திறந்த பிறகு வேறிடம். நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தைக் கை எப்படிப் பழகும்? பார்த்துத்தான் தொட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது முறை பார்த்துத் தொட வேண்டியிருந்தால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

சரி, ஏன் மாற்றுகிறார்கள்?

நீங்கள் இன்று தேடும் அந்தப் பட்டனே ஒரு காலத்தில் பெரிய மாற்றமாக வந்ததுதான். 1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 வெளியானபோதுதான் ஸ்டார்ட் பட்டனும், திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரும் வந்தன. அதற்கு முன்பு புரோகிராம் மேனேஜர் என்று ஒரு ஜன்னல், அதற்குள் குட்டிக் குட்டி ஜன்னல்கள். மைக்ரோசாஃப்ட் அப்போது ஆட்களைக் கூட்டி வந்து கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தது. முதல் வடிவத்தில் 'சிஸ்டம்', 'ஃபைண்ட்', 'ஹெல்ப்' என்று தனித்தனிப் பட்டன்கள் இருந்தன. எதிலிருந்து தொடங்குவது என்று புரியாமல் ஆட்கள் குழம்பினார்கள். கடைசியில் ஒரே பட்டன் ஆக்கி, அதன் மேல் 'ஸ்டார்ட்' என்றே எழுதிவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த கென்ட் சல்லிவன் 1996-இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் இந்தச் சோதனைகளை விவரித்திருக்கிறார். தொழிலில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கிற கட்டுரை அது.

அன்றும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பழைய புரோகிராம் மேனேஜரை அவர்கள் தூக்கி எறியவில்லை. விண்டோஸ் 95-க்குள்ளேயே அது இருந்தது. வேண்டும் என்றால் அதையே முகப்பாக வைத்துக்கொள்ளலாம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும் அந்த ஃபைல் கூடவே வந்தது. எக்ஸ்பி ஸ்டார்ட் மெனுவை இரண்டு பத்தியாக மாற்றியபோதும் 'கிளாசிக்' என்று ஒரு விருப்பம் கொடுத்துப் பழையதை வைத்துக்கொள்ள விட்டார்கள். அதற்கு அடுத்து வந்த விஸ்டாவிலும் அது இருந்தது. புது வாசல் வைத்தார்கள், பழைய வாசலையும் சில வருடம் திறந்து வைத்திருந்தார்கள். யார் எப்போது மாறுவது என்பது அவரவர் வசதி.

இந்த நாகரிகம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது 2012-இல். என் கோபமெல்லாம் அங்கேதான். மாற்றத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. அதே நாளில் பழைய வாசலுக்குச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்களே, அதன் மேல்தான்.

2010-இல் ஐபேட் வந்தது. இனி எல்லோரும் விரலால்தான் கம்ப்யூட்டரைத் தொடப்போகிறார்கள் என்ற பயம் மைக்ரோசாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டது. டேப்லெட்டுக்கும் மேசைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே முகம் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, 2012 அக்டோபர் 26-இல் விண்டோஸ் 8-ஐ வெளியிட்டார்கள். ஸ்டார்ட் பட்டனே இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டால் திரை முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். ஜனங்கள் ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்துவருகிறது, வேண்டியதை டாஸ்க்பாரிலேயே ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்று தங்களுக்கு வந்த கணக்கைக் காரணமாகக் காட்டினார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும். வீட்டு வாசலை நாம் ஒரு நாளைக்கு நாலைந்து முறைதான் பயன்படுத்துகிறோம். அதனால் அதை அடைத்துவிடலாம் என்று எந்தக் கொத்தனாராவது சொல்வாரா?

இதில் என் தவறும் ஒன்று உண்டு. 2013 தொடக்கத்தில் ஓர் அச்சகத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்தேன். எல்லாம் விண்டோஸ் 8. பொருத்திவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன். மறுநாள் அங்கிருந்து போன்: "சார், எல்லாம் ஓடுது. ஆனா அணைக்கத் தெரியல. நேத்து சுவிட்சைத்தான் அணைச்சோம்." நான் போனிலேயே விளக்கினேன். மவுஸை வலது மூலைக்குக் கொண்டு போங்கள், கொஞ்சம் பொறுங்கள், ஒரு பட்டை வரும், அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மெஷினை அணைக்க இவ்வளவு வழி சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் தப்பு கேட்பவருடையது இல்லை. அரை நாள் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் பஸ் ஏறியது என்னுடைய தப்பு.

ஒரே வருடத்தில், 2013 அக்டோபரில், 8.1 என்ற பெயரில் பட்டன் திரும்பி வந்தது. அதை அமுக்கினாலும் அதே கட்டங்கள்தான் வந்தன என்பது வேறு கதை. ஒழுங்கான ஸ்டார்ட் மெனு 2015 ஜூலையில் விண்டோஸ் 10-ஓடுதான் வந்தது. நீங்கள் நிம்மதியாக வேலை பார்த்தது அதில்தான்.

விண்டோஸ் 11-இன் கதை வேறு மாதிரி. இங்கே யாரும் எதையும் பிடுங்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டமிடவில்லை என்றே நினைக்கிறேன். டாஸ்க்பாரைப் பழைய நிரலில் ஒட்டுப்போடாமல் முதலிலிருந்து எழுதினார்கள். புதிதாக எழுதும்போது பழையதில் 25 வருடமாகச் சேர்ந்திருந்த சின்னச் சின்ன வசதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வேண்டும். எது அவசரம், எது அப்புறம் என்று யாரோ ஒருவர் பட்டியல் போட்டிருப்பார். 2021 அக்டோபரில் வெளிவந்தபோது டாஸ்க்பாரில் ஜன்னல்களின் பெயர் தெரியவில்லை, ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்க்பார் ஐகான் மேல் வைத்துத் திறக்க முடியவில்லை, பட்டையைத் திரையின் மேலேயோ பக்கத்திலோ மாற்றி வைக்கவும் முடியவில்லை. இழுத்துப் போடும் வசதி 2022-இலும், பெயர் காட்டும் வசதி 2023-இலும் திரும்பின. ரைட் கிளிக் மெனுவில் கட், காப்பி, பேஸ்ட்டை எழுத்தே இல்லாத படங்களாக வைத்தார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே பெயர் எழுத 2024 ஆனது. நீங்கள் பட்ட அவதியை உலகம் முழுக்க நிறையப் பேர் பட்டிருக்கிறார்கள். அவர்கள் கத்தியதால்தான் இவையெல்லாம் திரும்பின. ஆப்பிள்காரர்களும் யோக்கியம் இல்லை. 2022-இல் மேக்கின் செட்டிங்ஸைப் போன் மாதிரி நீளப் பட்டியலாக்கினார்கள். 2025 செப்டம்பரில் எல்லாவற்றையும் கண்ணாடி போலத் தெரியவைத்தார்கள். பின்னால் இருப்பது முன்னால் தெரிந்து எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று அங்கேயும் ஒரே புலம்பல்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். எதற்கும் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டாம், பாஸ்வேர்ட் கேட்காது.

டாஸ்க்பாரில் காலியாக இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸுக்குப் போங்கள். கடைசியில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' வரும். 'சென்டர்' என்று இருப்பதை 'லெஃப்ட்' ஆக்குங்கள். உங்கள் மூலை உங்களுக்குத் திரும்பிவிட்டது. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, பட்டன்களைச் சேர்த்துப் பெயரை மறைப்பது பற்றி ஒரு வரி இருக்கும், 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்று தொடங்கும். அதில் 'நெவர்' என்று வையுங்கள். நாலு எக்செல்லும் தனித்தனியாக, பார்ட்டி பெயரோடு வரிசையில் நிற்கும்.

ரைட் கிளிக்குக்கு: ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் முழு மெனுவும் நேராக வரும். மவுஸ் வேண்டாம் என்றால் ஷிஃப்ட் எஃப்10. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏதோ ஒரு வரி எழுதினால் நிரந்தரமாகப் பழைய மெனு வரும் என்று வீடியோக்கள் சொல்லும். கம்பெனி கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள், நாளை வேறு ஏதாவது நின்றால் பழி உங்கள் மேல் விழும்.

பிரின்டர் கூத்துக்கு நீங்களும் காரணமில்லை, பிரின்டரும் காரணமில்லை. கடைசியாக எந்த பிரின்டரைப் பயன்படுத்தினீர்களோ அதையே டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும் ஒரு வசதி விண்டோஸில் இருக்கிறது. வீட்டில் ஒரு பிரின்டர், ஆபீசில் ஒரு பிரின்டர் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு அது நல்லது. ஒரே மேசையில் லேசரும் டாட் மேட்ரிக்ஸும் வைத்திருப்பவருக்குச் சனியன். செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்'. 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரின்டர்' என்பதை அணைத்துவிட்டு, லேசரைத் தேர்ந்து 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுங்கள். இது விண்டோஸ் 10-இலும் இருந்ததுதான். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் யாரோ புண்ணியவான் எப்போதோ அணைத்து வைத்திருப்பார்.

இதற்கு மேல் புதியதைப் பழையதுபோல் அலங்கரிப்பதில் நேரம் செலவழிக்காதீர்கள் என்பது என் யோசனை. பழைய ஸ்டார்ட் மெனுவையே கொண்டுவரும் புரோகிராம்கள் உண்டு. அந்த அச்சகத்தில் நானே 'கிளாசிக் ஷெல்' என்ற இலவச மென்பொருளைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஐவோ பெல்ட்செவ் என்பவர் தனியாளாக எழுதியது. 2017 இறுதியில் இனித் தன்னால் தொடர முடியாது என்று அவர் நிறுத்திவிட்டார். ஆனால் நிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போனதால் 'ஓபன் ஷெல்' என்ற பெயரில் மற்றவர்கள் நடத்துகிறார்கள். நல்ல மனிதர்களின் நல்ல வேலைதான். இருந்தாலும் விண்டோஸின் வயிற்றுக்குள் கைவிட்டு மாற்றும் புரோகிராம்கள், பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் தடுமாறக்கூடியவை. மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி வரி ரிட்டர்ன் போட வேண்டியவர் அந்த ஆட்டத்தில் இறங்க வேண்டாம்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதில் நீங்கள் ஏற்கெனவே பாஸ் செய்தவர். திரையை எத்தனை முறை மாற்றினாலும் இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் விசைகளைத் தொடுவதில்லை. கன்ட்ரோலோடு எக்ஸ், சி, வி வைத்து வெட்டி, நகலெடுத்து, ஒட்டுவது 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டருக்காக லாரி டெஸ்லர் பொறுக்கியெடுத்த அதே எழுத்துகள்தான். விண்டோஸ் விசையோடு ஈ அடித்தால் ஃபோல்டர்கள் திறப்பதும், ஆர் அடித்தால் ரன் பெட்டி வருவதும் விண்டோஸ் 95 காலத்து ஏற்பாடு. விண்டோஸ் 8-இலும் அவை வேலை செய்தன. அந்த ரன் பெட்டியில் 'கன்ட்ரோல்' என்பதை இங்கிலீஷில் அடித்து என்டர் கொடுங்கள், காணாமல் போய்விட்டதாக நீங்கள் நினைத்த கன்ட்ரோல் பேனல் வந்து நிற்கும்.

டாஸ்க்பாரில் டேலியை முதலாவதாக ஒட்டி வையுங்கள், எக்செல் இரண்டாவது, பிரவுசர் மூன்றாவது. இனி விண்டோஸ் விசையோடு 1 என்றால் டேலி, 2 என்றால் எக்செல், 3 என்றால் பிரவுசர். விண்டோஸ் 7-இலிருந்து இது இப்படித்தான். எஃப்8 மாதிரி இதுவும் ஒரு வாரத்தில் விரலில் ஏறிவிடும். ஏறிய பிறகு ஸ்டார்ட் பட்டன் மூலையில் இருந்தால் என்ன, கூரையில் இருந்தால் என்ன?

விசைகளிலும் ஒரு போக்கிரி உண்டு, சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் விசையோடு சி. விண்டோஸ் 8-இல் அதை அடித்தால் அந்த வலப்பக்கப் பட்டை வரும். 10-இல் கோர்டானா என்ற குரல் உதவியாளர் பேசினாள். 11 வந்தபோது டீம்ஸ் சாட் திறந்தது. பிறகு கோபைலட் என்ற ஏஐ உதவியாளருக்குக் கொடுத்தார்கள். கம்பெனி எந்தக் காலத்தில் எதை விற்க ஆசைப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு விசையின் சரித்திரம் போதும். அதைப் பழக வேண்டாம். 2024 ஜனவரியில் கோபைலட்டுக்கென்றே கீபோர்டில் ஒரு தனி விசையும் அறிவித்தார்கள். பல கீபோர்டுகளில் அது வலப்பக்க கன்ட்ரோலின் இடத்தையோ மெனு விசையின் இடத்தையோ பிடித்துக்கொண்டது. உங்கள் புது கீபோர்டில் வலது கன்ட்ரோலைத் தேடி ஏதோ ஒன்று திறந்திருந்தால் அதுதான் காரணம். முதலாளியிடம் சொல்லி உங்கள் பழைய கீபோர்டையே மாட்டிக்கொள்ளுங்கள். வெறும் யுஎஸ்பி ஒயர்தான், எதிலும் வேலை செய்யும்.

லினக்ஸ் பற்றி மருமகன் சொல்வது: உங்கள் ஆபீசுக்கு வேண்டாம். டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. சுற்றுவழியில் ஓட்டலாம்தான். ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு வேறு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தவிர, லினக்ஸுக்குப் போனால் முகம் மாறாது என்று அவர் நினைத்தால் அவருக்கு 2011 தெரியாது.

அந்த வருடம் ஏப்ரலில் கினோம் 3 வந்தது. லினக்ஸில் பெரும்பாலோர் பார்த்துக்கொண்டிருந்த முகம் கினோம். அடியில் இருந்த ஜன்னல் வரிசை போய்விட்டது, வழக்கமான மெனு போய்விட்டது. அதே மாதம் உபுண்டு என்ற பிரபல லினக்ஸ் வகையும் யூனிட்டி என்ற தன் சொந்த முகத்தை மாட்டிக்கொண்டது. லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே கினோம் 3-ஐக் கண்டபடி திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகத்துக்குக் குடிபோனார். உபுண்டு கடைசியில் 2017-இல் யூனிட்டியைக் கைவிட்டது.

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். நிரல் எல்லோருக்கும் சொந்தம் என்பதால், பிடிக்காதவர்கள் பழையதை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போக முடியும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் கினோம் 2-இன் நிரலை எடுத்து, தங்கள் ஊர்ப் பக்கம் குடிக்கும் மாட்டே என்ற மூலிகைச் சாயாவின் பெயரை வைத்து நடத்தத் தொடங்கினார். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் குழுவினர் புதிய நிரலின் மேலேயே பழைய முகத்தைக் கட்டி சின்னமன் என்று பெயரிட்டார்கள். இரண்டும் இன்றும் நன்றாக இருக்கின்றன. விண்டோஸிலோ மேக்கிலோ இப்படிப் பாகம் பிரித்துக்கொண்டு போக வழியில்லை. கத்தலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் முதலாளி இதைப் படித்தால் அவருக்கு இரண்டு வரி. அடுத்த முறை கம்ப்யூட்டரை மாற்றும்போது பழையதை இரண்டு வாரம் பக்கத்திலேயே வைத்திருங்கள், இரண்டிலும் டேலி டேட்டா ஒரே சர்வரிலிருந்துதானே வருகிறது. மார்ச்சில் மாற்றாதீர்கள், ரிட்டர்ன் தேதிக்கு முந்தைய வாரமும் வேண்டாம். கணக்குப் பிரிவில் அதிக அனுபவம் உள்ளவரிடம் முதலில் கொடுத்து, அவர் எங்கே தடுக்கிவிழுகிறார் என்று பார்த்துவிட்டு மற்ற மேசைகளுக்குப் போங்கள். எல்லோரும் கடைக்குட்டியிடம்தான் முதலில் கொடுக்கிறார்கள். அவன் எல்லாம் சூப்பர் என்பான்.

கடைசியாக உங்கள் வீட்டு லேப்டாப். 2016-இல் வாங்கியது என்றால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள், அவை 2017-இலிருந்துதான் வரத் தொடங்கின. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் கேட்பார்கள். தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது உண்மை. ஆனால் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கேட்காது.

அதற்குப் பிறகு அதை மருமகனிடம் கொடுங்கள். லினக்ஸ் ஆசையை அவர் அதில் தீர்த்துக்கொள்ளட்டும். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். ரயில் டிக்கெட், யூடியூப், லெட்டர் அடிப்பது எல்லாம் அதில் நடக்கும். சின்னமன் முகம் என்றால் மெனு பட்டன் இடது கீழ் மூலையில்தான் இருக்கும். ஆனால் கொடுப்பதற்கு முன்பு ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டோக்களையும், வீட்டில் உட்கார்ந்து பார்த்த பழைய வருடத்து டேலி டேட்டா ஃபோல்டர்களையும் எடுத்து வைத்துவிடுங்கள். ஆர்வக்கோளாறில் இன்ஸ்டால் பட்டனை அமுக்கி மொத்த டிஸ்கையும் அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.